நிலாவில் குண்டு போட்டார்களா? 2009 அக்டோபரில் எழுந்த பதற்றமும் ஏமாற்றமும்

2009 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவில் விடியற்காலை நாலரை மணி. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்து வெளியில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஒரு கூட்டம் காத்திருந்தது. எல்லாருடைய கண்ணும் பெரிய திரையில். நிலாவின் தென்துருவத்தை நோக்கி விழுந்துகொண்டிருந்த எல்கிராஸ் என்ற விண்கலம் அனுப்பும் படங்கள் நேரலையில் வந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறக் குழிகள் நொடிக்கு நொடி பெரிதாகின்றன. மணி 4:31. கலத்துக்கு முன்னால் போன ராக்கெட் பாகம் நிலாவில் மோதியாயிற்று.

திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் இல்லை, புழுதி இல்லை. அதே சாம்பல் நிறம், அதே குழிகள். நாலு நிமிடம் கழித்து எல்கிராஸும் போய் மோதியது. படம் நின்றது. அவ்வளவுதான்.

நம் ஊரில் அப்போது மாலை ஐந்து மணி ஒரு நிமிடம். நிலா இன்னும் உதிக்கவே இல்லை. அதனால் இந்த ஏமாற்றத்தை நேரில் அனுபவிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் அமெரிக்காவில் எழுந்த இன்னொரு உணர்ச்சி உலகம் முழுக்கப் பரவியது. "நிலாவில் குண்டு போடப் போகிறார்களாமே?" என்ற பதற்றம் அது. கடல் ஓதம் மாறிவிடுமா, நிலா பாதை விலகிவிடுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நிலாவை ஏன் காயப்படுத்துகிறீர்கள் என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைத் தொட்டிருந்த நேரத்தில் 7.9 கோடி டாலரை இப்படிக் கொண்டுபோய் மோதுவதா என்று பொருமியவர்களும் இருந்தார்கள். மோதலுக்கு முன்னால் பயம், மோதலுக்குப் பின்னால் "ப்பூ, இவ்வளவுதானா". ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் இப்படி எதிரெதிரான இரண்டு எதிர்வினைகள் வந்தது எப்படி?

முதலில், அங்கே போய் மோதியது என்ன என்று பார்த்துவிடுவோம்.

நிலாவின் துருவங்களில் சில பள்ளங்களின் அடியில் சூரிய வெளிச்சம் விழுந்து நூறு கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. நிலாவின் அச்சு ஏறக்குறைய நிமிர்ந்தே இருப்பதால் அங்கே சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே சுற்றும். பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்காது. சுழியத்துக்குக் கீழே 200 டிகிரிக்கும் மேல் குளிர். வால்நட்சத்திரங்கள் எப்போதோ கொண்டுவந்து போட்ட தண்ணீர் அங்கே பனிக்கட்டியாக உறைந்து கிடக்கலாம் என்பது பழைய ஊகம். 1994-இல் கிளமென்டைன் கலத்தின் ரேடார் சோதனையிலும், 1998-இல் லூனார் ப்ராஸ்பெக்டர் அனுப்பிய தரவுகளிலும் அதற்குச் சாடையான அறிகுறிகள் கிடைத்தன. ஆனால் அது ஹைட்ரஜன் இருப்பதற்கான அறிகுறிதான், தண்ணீர் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறுதி செய்ய வேண்டுமானால் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். இருட்டிலும் அந்தக் குளிரிலும் இறங்கி வேலை செய்யும் கலத்தை அனுப்புவது பெரிய செலவு.

அப்போது ஒரு வாய்ப்பு வந்தது. எல்ஆர்ஓ என்ற நிலாச் சுற்றுக்கலத்தைத் திட்டமிட்டதைவிடப் பெரிய அட்லஸ் ராக்கெட்டில் ஏற்ற முடிவானது. அதில் கூடுதலாக ஓராயிரம் கிலோ ஏற்ற இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்துக்குள், 8 கோடி டாலருக்குள், என்ன செய்யலாம் என்று நாசா தன் மையங்களிடம் கேட்டது. ஏம்ஸ் மையம் சொன்ன யோசனை எளிமையானது. ராக்கெட்டின் மேலடுக்கான சென்டார் எப்படியும் வேலை முடிந்ததும் குப்பைதான். அதையே ஒரு கடப்பாரையாக்கி அந்த இருட்டுப் பள்ளத்தில் போட்டால் மண் மேலே தெறிக்கும். பின்னாலேயே வரும் சிறு கலம் அந்தப் புழுதிக்குள் புகுந்து, ஐந்து கேமரா, மூன்று நிறமாலைமானி, ஓர் ஒளிமானியால் அதைச் சோதித்துத் தகவலைப் பூமிக்கு அனுப்பிவிட்டுத் தானும் விழும். 2006-இல் இது தேர்வானது. 2009 ஜூன் 18 அன்று கிளம்பியது.

ஆக, மோதியது 2,300 கிலோ எடையுள்ள காலி ராக்கெட் உருளை. வெடிமருந்து இல்லை. நீளமான பாதையில் பூமியைச் சுற்றவிட்டு மிச்ச எரிபொருளையும் ஆவியாக்கி வெளியேற்றிவிட்டிருந்தார்கள், தண்ணீர்ச் சோதனையில் கலப்படம் வந்துவிடக் கூடாது என்று. வேகம் மட்டும் நொடிக்கு இரண்டரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் இரண்டு டன் டிஎன்டி வெடிமருந்து வெடிப்பதற்கு ஈடு. அது உண்டாக்கிய குழி 25, 30 மீட்டர் அகலம் இருக்கும்.

இப்போது ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்டாரின் எடையை வேகத்தால் பெருக்கி நிலாவின் எடையால் வகுத்தால், அந்த இடி நிலாவைத் தள்ளிய அளவு கிடைக்கும். அந்த வேகத்தில் ஒரு வருடம் முழுக்க நகர்ந்தால்கூட நிலா போகும் தூரம் சுமார் இரண்டரை நானோமீட்டர். ஒரு தலைமுடித் தடிமன் நகர முப்பதாயிரம் வருடம் ஆகும். யாரும் எதையும் மோதாமலே நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் எந்தக் கடலையும் குழப்பவில்லை. 2013 மார்ச் 17 அன்று சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு விண்கல் நிலாவில் விழுந்தது. அது வந்த வேகத்தால் அதன் ஆற்றல் சென்டாரைவிட அதிகம். நாசாவின் தானியங்கித் தொலைநோக்கி அந்த மின்னலைப் பதிவு செய்ததால்தான் அது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் வெறும் கண்ணால் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நொடி மின்னியதைக் கண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை அப்போதே விஞ்ஞானிகள் சொன்னார்கள். பலருக்கு நிம்மதி வந்தது. ஆனாலும் எல்லாருடைய மனக்குறையும் இதனால் தீரவில்லை. ஏனென்றால் அந்தப் பயத்தில் பாதிதான் இயற்பியல். மீதிப் பாதி வேறு கேள்வி: "அது எல்லாருடைய நிலா. மோதலாம் என்று யார் முடிவு செய்தது?" இந்தக் கேள்விக்குத் தலைமுடிக் கணக்கு பதிலாகாது. அதைக் கேட்டவர்களை விவரமில்லாதவர்கள் என்று சிரித்து ஒதுக்கியது தவறு என்றே நினைக்கிறேன்.

"குண்டு" என்ற சொல்லைப் பத்திரிகைத் தலைப்புகள்தான் ஒட்டவைத்தன. ஆனால் அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அப்போது அமெரிக்கா இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரில் இருந்தது. மோதலுக்கு இரண்டரை மணி நேரம் முன்புதான் ஒபாமாவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிப்பு வந்தது. ஒரே காலையில் அமைதிப் பரிசும் நிலாவில் குண்டும் என்றால் பேச்சு எப்படிப் போயிருக்கும்?

இன்னும் பின்னால் போனால், நிலாவில் நிஜமாகவே குண்டு வெடிக்க அமெரிக்க விமானப் படை யோசித்த காலமும் இருந்திருக்கிறது. 1958-இல் ஏ119 என்ற பெயரில் ரகசிய ஆய்வு நடந்தது. பூமியிலிருந்து பார்த்தால் தெரியும்படி நிலாவில் அணுகுண்டு வெடித்தால் சோவியத் யூனியனுக்கு அமெரிக்காவின் பலம் தெரியும் என்பது எண்ணம். அந்த ஆய்வை நடத்திய இயற்பியலாளர் லெனர்ட் ரைஃபல் 2000-ஆம் ஆண்டு அதை வெளிப்படையாகச் சொன்னார். அப்போது இளைஞராக இருந்த வானியலாளர் கார்ல் சேகன் அதில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். திட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் 1967-இல் வந்த விண்வெளி ஒப்பந்தம், நிலாவில் ஆயுதச் சோதனை கூடாது என்று தடுத்தது. பிற நாடுகளின் நலனைக் கருத்தில் கொள்ள வேண்டும், தீங்கான மாசு கூடாது என்றும் சொன்னது. எல்கிராஸ் ஆயுதமும் இல்லை, ஆயுதச் சோதனையும் இல்லை. சட்டப்படி அதில் கோளாறு கிடையாது. ஆனாலும் "நிலாவில் குண்டு" என்றதும் மக்கள் துணுக்குற்றதற்குப் பின்னால் நிஜமான ஒரு வரலாறு இருக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1998-இல் நடந்தது. லூனார் ப்ராஸ்பெக்டர் கலம் கிளம்பியபோது, அதற்கு முந்தைய வருடம் விபத்தில் இறந்த கோள் ஆய்வாளர் யூஜின் ஷூமேக்கரின் சாம்பலில் கொஞ்சம் ஒரு சிறு குப்பியில் அதனுடன் போனது. நிலாவுக்குப் போக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர் அவர். சக விஞ்ஞானிகளுக்கு அது நெகிழ்ச்சியான விடைகொடுப்பு. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி மக்களுக்கோ அது பெரிய அதிர்ச்சி. நிலா அவர்களுக்குப் புனிதம், இறந்தவரின் எச்சத்தை அங்கே கொண்டுபோவது அதை அவமதிப்பது. அவர்களுடைய தலைவர் ஆல்பர்ட் ஹேல் எதிர்ப்புத் தெரிவித்தார். நாசா மன்னிப்புக் கேட்டது. இனிமேல் இப்படி ஏதும் செய்வதானால் கலந்துபேசுவோம் என்றும் சொன்னது. 1999 ஜூலை 31 அன்று அந்தக் கலத்தை வேண்டுமென்றே தென்துருவத்தின் அருகே மோதவிட்டார்கள். அதுவும் தண்ணீர் தேடித்தான். புழுதியே தெரியவில்லை.

2024 ஜனவரியில் பெரெக்ரின் என்ற தனியார் கலம் மனித சாம்பலோடு கிளம்பியபோது நவாஹோ தலைவர் பூ நைக்ரன் அந்தப் பழைய வாக்கை நினைவூட்டினார். இது தனியார் பயணம், அதில் என்ன போகிறது என்பதில் எங்களுக்கு அதிகாரமில்லை என்பது நாசாவின் நிலை. கடைசியில் எரிபொருள் கசிவால் பெரெக்ரின் நிலாவைச் சேரவே இல்லை. பூமியின் காற்று மண்டலத்துக்குள் வந்து எரிந்தது. ஆனால் கேள்வி எரிந்துபோகவில்லை. தனியார் பயணங்கள் பெருகப் பெருக அது இன்னும் அடிக்கடி வரும்.

எல்கிராஸுக்கு முன்னால் நிலாவில் மோதிய கலங்களுக்கு மக்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் பயம் என்பதே காணவில்லை. 1959 செப்டம்பரில் சோவியத்தின் லூனா 2 நிலாவைத் தொட்ட முதல் மனிதப் படைப்பானது. தொட்டது என்றால் மோதியதுதான். அப்போது மேற்கில் எழுந்த பெரிய கேள்வி "நிஜமாகவே போய்ச் சேர்ந்ததா, பொய்யா?" என்பதுதான். இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கியில் அதன் ரேடியோ ஒலியைப் பின்தொடர்ந்த பெர்னார்ட் லோவலின் குழு, அலைவரிசை மாறிய விதத்தை வைத்து அது நிலாவின் ஈர்ப்பில் விழுந்து நின்றுபோனதைக் காட்டியது. சில நாளில் அமெரிக்கா போன சோவியத் தலைவர் குருஷ்சேவ், அந்தக் கலத்தில் இருந்த சோவியத் சின்னம் பொறித்த உருண்டையின் நகலை அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குப் பரிசளித்தார். அங்கே மோதல் என்பது கொடி நாட்டுவது.

1965 மார்ச்சில் ரேஞ்சர் 9 மோதியபோது அது அனுப்பிய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தன. கீழே விழும் கலத்தின் கண் வழியாக மக்கள் நிலாவைப் பார்த்தார்கள். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் 14 டன் எடையுள்ள ராக்கெட் அடுக்கை நிலாவில் போட்டார்கள். சென்டாரைப் போல ஆறு மடங்கு ஆற்றல். முந்தைய பயணத்தில் வைத்துவிட்டு வந்த நில அதிர்வுமானி மூன்று மணி நேரத்துக்கும் மேல் அதிர்வைக் காட்டியது. யாரும் கோபப்படவில்லை. மூன்று உயிர்கள் விண்வெளியில் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில் யாருக்கு அது கண்ணில் படும்? ஒரு வதந்தி மட்டும் பிறந்தது. அப்போலோ 12-இன் மோதலுக்கே நிலா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மணி அடித்தாற்போல அதிர்ந்ததால், நிலா உள்ளே வெறும் கூடு என்று சிலர் கிளம்பினார்கள். காய்ந்து விரிசல் விட்ட பாறையில் அதிர்வு சீக்கிரம் அடங்காது என்பதுதான் காரணம். அந்த வதந்தி இன்றும் அங்கங்கே தலைகாட்டுகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் எல்கிராஸுக்குப் பதினோரு மாதம் முன்னால் நடந்தது. 2008 நவம்பர் 14, இரவு 8:31. சந்திரயான்-1 இறக்கிவிட்ட நிலா மோதுகலம் தென்துருவத்தின் ஷேக்கிள்டன் பள்ளத்தின் அருகே விழுந்தது. முக்கால் முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலான அகலமுள்ள ஒரு பெட்டி அது. நாலு பக்கமும் மூவர்ணம். சுற்றிவரும் கலம் அவ்வளவு தூரம் போகிறதே, தரையைத் தொடவும் செய்யலாமே என்று யோசனை சொன்னவர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். திட்ட இயக்குநர் பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. பிரிந்து விழுந்த இருபத்தைந்து நிமிடமும் அந்தப் பெட்டி படம் எடுத்துக்கொண்டே போனது. நேரு பிறந்தநாள் என்பதால் விழுந்த இடத்துக்கு ஜவஹர் என்று பெயர் வைத்தார்கள்.

நிலாவைக் குண்டு போட்டுவிட்டோமே என்று நம் ஊரில் யாராவது வருந்தியது எனக்கு நினைவில்லை. நிலாவில் நம் கொடி என்றுதான் கொண்டாடினோம். நிலாவைக் கையால் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் ஊர்தான் இதுவும். அந்தப் பெட்டியின் எடை குறைவு என்பது உண்மை, ஆனால் காரணம் அதில்லை. நாம் அதை "மோதல்" என்று மனதில் வாங்கவே இல்லை, "போய்ச் சேர்ந்தோம்" என்று வாங்கினோம். இங்கே யாரும் நிலா யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, பயத்தை விட்டு ஏமாற்றத்துக்கு வருவோம். இதில் நாசாவின் பங்கு அதிகம்.

மோதியதும் 350 டன் மண் கிளம்பும், புழுதி பத்து கிலோமீட்டர் உயரம் வரை எழும், பத்துப் பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் ஹவாயிலும் எத்தனையோ பேர் குளிரில் தொலைநோக்கியைத் திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். பலோமர் மலையின் இருநூறு அங்குலத் தொலைநோக்கியிலேயே ஒன்றும் தெரியவில்லை என்றால் மொட்டைமாடியில் நின்றவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஏன் தெரியவில்லை? விழுந்த கேபியஸ் பள்ளத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு மலைமுகடு மறைத்தது. தரையிலிருந்து சில கிலோமீட்டர் மேலே வந்தால்தான் பூமியின் பார்வைக்கே புழுதி எட்டும். முதலில் தேர்ந்தெடுத்தது பார்க்க வசதியான கேபியஸ் ஏ என்ற பக்கத்துப் பள்ளம். மோதலுக்குப் பதினோரு நாள் முன்னால்தான், ஹைட்ரஜன் அறிகுறி அதிகம் என்று கேபியஸுக்கு மாற்றினார்கள். வேடிக்கை பார்க்க வசதியான இடத்தை விட்டுத் தண்ணீர் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்த சரியான முடிவு அது. இன்னொரு காரணம் சென்டாரின் உடல்வாகு. கல் விழுந்தால் மண் ஒரு விதமாகத் தெறிக்கும், காலி டப்பா விழுந்தால் வேறு விதமாகத் தெறிக்கும். ஏம்ஸ் மையத்தில் அதிவேகத் துப்பாக்கியால் கெட்டியான குண்டையும் உள்ளே வெற்றான குண்டையும் மண்ணில் சுட்டுப் பார்த்த பீட்டர் ஷுல்ட்ஸ் போன்றவர்கள் இந்த வித்தியாசத்தை விளக்கினார்கள்.

பத்துக் கிலோமீட்டர் என்பது கணக்கில் வரக்கூடிய ஒரு சாத்தியம். மக்கள் காதில் அது வாக்குறுதியாக விழுந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை யாராவது நிதானமாக விளக்கியிருந்தால் அந்த விடியற்காலை இவ்வளவு வெறுமையாகத் தோன்றியிருக்காது. அன்று காலையே செய்தியாளர்களிடம் பேசிய திட்டத்தின் முதன்மை விஞ்ஞானி அந்தோணி கோலாப்ரீட்டும் குழுவினரும், கருவிகள் எல்லாம் வேலை செய்தன, வேண்டிய தரவு கிடைத்துவிட்டது என்றார்கள். ஆனால் படம் எங்கே என்பதுதான் கேட்டவர்களின் கேள்வி. ஒரு வாரம் கழித்து, எல்கிராஸின் கேமரா பிடித்த மங்கலான ஒரு வெண்படலப் படம் வெளியானது. ஆறேழு கிலோமீட்டர் அகலத்துக்குப் புழுதி விரிந்திருந்தது. அதற்குள் மக்கள் கலைந்து போயிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை அந்தக் கூட்டத்தில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்தக் கலம் அன்று அங்கே வந்து சேர்ந்ததே பெரிய பாடு. ஆகஸ்ட் 22 அன்று ஓர் உணர்கருவியின் கோளாறால் அது தன் உந்திகளை விடாமல் இயக்கி, மிச்சமிருந்த எரிபொருளில் பாதிக்கு மேல் வீணாக்கிவிட்டது. பூமியுடன் மறுபடி தொடர்பு வந்தபோதுதான் குழுவினருக்கே அது தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கிலோவையும் எண்ணி எண்ணிச் செலவழித்து நிலாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நவம்பர் 13 அன்று முடிவு வந்தது. கருவிகளின் பார்வைக்குள் வந்த புழுதியில் மட்டும் சுமார் நூறு கிலோ தண்ணீர். இரண்டு கேலன் வாளியில் ஒரு டஜன் என்று கோலாப்ரீட் எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். அடுத்த வருடம் அந்தக் கணக்கு 155 கிலோவாகத் திருத்தப்பட்டது. அந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு போலத் தண்ணீர். மோதிய ஒன்றரை நிமிடத்தில் அந்த வழியே பறந்த எல்ஆர்ஓ, புழுதியில் பாதரசத்தையும் கண்டது. சந்திரயான்-1-இல் இருந்த அமெரிக்கக் கருவி நிலாப் பரப்பில் தண்ணீரின் சுவடு இருப்பதாகக் காட்டிய அறிவிப்பு, எல்கிராஸ் மோதுவதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தது. அது மேல்தோலில் ஒட்டிய ஈரம். எல்கிராஸ் கிளறியது உள்ளே உறைந்த பனி. இரண்டும் சேர்ந்துதான் எல்லா நாடுகளின் பார்வையையும் தென்துருவத்தின் பக்கம் திருப்பின.

2022 செப்டம்பர் 26 அன்று நாசா மறுபடி ஒரு கலத்தைக் கொண்டுபோய் மோதியது. இந்த முறை டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர் அகலமுள்ள குறுங்கோள். எல்கிராஸ் நிலாவின் பாதையை மாற்றிவிடும் என்று பயந்தார்கள், மாறவில்லை. டார்ட் என்ற இந்தக் கலமோ பாதையை மாற்றுவதற்காகவே போனது, மாற்றியும் காட்டியது. அது தன் பெரிய துணைக் குறுங்கோளைச் சுற்றும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. ஆனால் அப்போது கேட்டது கைதட்டல்தான். பூமியை நோக்கி ஒரு கல் வந்தால் தள்ளிவிட முடியுமா என்று பார்க்கிறோம் என்ற காரணம் ஒரு குழந்தைக்கும் புரிந்தது. கடைசி நொடி வரை படம் வந்தது. கற்கள் நிரம்பிய தரை திரையை அடைத்துக்கொண்டு நிற்க, படம் பாதியில் அறுந்தது. அதோடு, அந்தக் குறுங்கோளைப் பார்த்து யாரும் வளர்ந்ததில்லை, பிறை பார்த்து நோன்பு இருந்ததில்லை.

2009-இல் ஏமாற்றிய அந்தப் புழுதிக்கு ஒரு பின்கதை உண்டு. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட் வானியல் நிலையத்தில் மூன்றரை மீட்டர் தொலைநோக்கியால் அன்று எடுத்த படங்களில் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலு வருடம் கழித்து, 2013-இல் ஓர் ஆய்வுக் குழு அதே படங்களை எடுத்து, நிலாத் தரையின் வெளிச்சத்தையும் காற்றின் அலைவையும் புள்ளியியல் முறையால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது. முகட்டுக்கு மேலே, பின்னணியிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாத அளவு மெல்லியதாக, புழுதி எழுந்து சுமார் ஒன்றரை நிமிடத்தில் அடங்கியது பதிவாகியிருந்தது.